ஏ9 வீதியில் ஒரு லொறிச் சாரதியின் ஏழு நாட்கள்

நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு நின்ற லொறியொன்றின் முன் ஆசனத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏறிக்கொண்டேன். ஒரு வாரம் கூடவே வரலாமா என்று கேட்டபோது சாரதி முதலில் சிரித்தார். “வாறதெண்டால் வாங்கோ தம்பி. ஆனா என்ரை பேரைப் போட வேண்டாம். முதலாளி கூடாத ஆள் இல்லை. எண்டாலும் எழுத்திலை வந்தால் அது வேறை கதை” என்றார். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் அவரை ‘அண்ணை’ என்றே குறிப்பிடுகிறேன். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அண்ணைக்கு வயது 53. கிளிநொச்சியில் வசிக்கிறார். 16 வயதில் கிளீனராக லொறியில் ஏறியவர். வடக்கில் விளையும் வெங்காயமும் வாழைக்குலையும் முருங்கைக்காயும் தெற்குக்குப் போவதும், தெற்கிலிருந்து சீனி, பருப்பு, மாவு, மலைநாட்டு மரக்கறி என்பவை நமது கடைகளுக்கு வருவதும் இவரைப் போன்றவர்களின் கைகளால்தான். நாம் வாங்கும் சாமானின் விலையைப் பற்றி நிறையக் கதைக்கிறோம். அதை இரவிரவாக ஓட்டிக்கொண்டு வருபவரின் வாரம் எப்படிப் போகிறது என்று அதிகம் கேட்பதில்லை.

ஞாயிறு, திங்கள்: தம்புள்ளை

பின்னேரம் ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். கோப்பாய், கைதடி வழியாக ஏ9 வீதியில் ஏறிச் சாவகச்சேரி, கொடிகாமம் தாண்டினோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அதில் தம்புள்ளை வரையான தூரம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். பாரம் ஏற்றிய லொறிக்கு, இடைத்தரிப்புகளையும் சேர்த்து எட்டு மணித்தியாலம் பிடிக்கும்.

லொறிச் சாரதிகள் பொதுவாக இரவில் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் வியாபாரம் விடியுமுன்னமே சூடு பிடித்துவிடும். 1999 இல் திறக்கப்பட்ட இந்தச் சந்தைதான் இன்று நாட்டின் மரக்கறி விலையைப் பெருமளவில் தீர்மானிக்கிறது. பிந்திப் போகும் லொறிக்கு விலை விழுந்துவிடும். பழம் வெயிலில் கனிந்தால் அதுவும் நட்டம். அந்த நட்டத்தை முதலாளி தாங்குவார். ஆனால் “ஏன் பிந்தினது?” என்ற கேள்வி சாரதியிடம்தான் வரும்.

கிளிநொச்சியில் வீதியோரமாக லொறியை நிறுத்தினார். அவரது மனைவி புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிய பார்சலுடன் நின்றிருந்தார். ஐந்து நிமிடம் கதைத்தார்கள். மகனின் ரியூசன் காசு, கிணற்று மோட்டர் பழுது, அவ்வளவுதான். பிறகு லொறி வெளிக்கிட்டது. வாரத்தில் நான்கு முறை அவர் தன் வீட்டுக்கு அருகால் போகிறார். அந்த வீட்டில் படுத்து எழும்புவது ஒரேயொரு இரவு மட்டும்தான்.

முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல நாங்களும் நின்றோம். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினார். “பிள்ளையாருக்காக மட்டும் இல்லைத் தம்பி. இதிலை இறங்கி நடந்தால்தான் கால் விறைப்பு விடும்” என்றார். அப்போதுதான் அவர் இடது காலை இழுத்து நடப்பதைக் கவனித்தேன்.

திறந்தும் மூடியும் கிடந்த வீதி

புளியங்குளம் தாண்டி ஓமந்தை வந்தபோது, இருட்டில் ஒரு வெறுங்காணியைக் காட்டி, “இதிலைதான் என்ரை வாழ்க்கையிலை பாதி போனது” என்றார்.

இந்த வீதியின் கதை தெரியாமல் வடக்கின் லொறித் தொழிலை விளங்கிக்கொள்ள முடியாது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை துண்டிக்கப்பட்டது. மக்கள் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தார்கள். பலர் அதில் உயிரிழந்தார்கள். 1997 மே மாதம் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கை இந்த வீதியைப் பிடிப்பதற்காகவே நடத்தப்பட்டது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் வீதி முழுமையாகத் திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இரு தரப்பினதும் சோதனை நிலையங்கள் இருந்தன. மூட்டைகளை இறக்கிக் காட்டி மறுபடி ஏற்றிய நாட்களை அண்ணை நினைவு கூர்ந்தார். ஒரு நடைக்கு இரண்டு மூன்று நாள் போகுமாம். ஆனாலும் அந்த நான்கு வருடத்தையே தனது நல்ல காலம் என்கிறார். 2004 இல் மனைவியின் நகையை அடகு வைத்துச் சொந்தமாக ஒரு பழைய லேலண்ட் வாங்கியது அப்போதுதான்.

2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் சண்டை வெடித்தது. வீதி மறுபடி மூடப்பட்டது. யாழ்ப்பாணம் கப்பலை நம்பியிருக்க, வன்னி உள்ளே அடைபட்டது. அவரும் லொறியும் வன்னியில். 2009 இன் தொடக்கத்தில் கிளிநொச்சி, ஆனையிறவு என்று இராணுவம் முன்னேற, அந்த லொறி சனத்தையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. டீசல் முடிந்த இடத்தில், மாத்தளனுக்குக் கிட்ட, அதை விட்டுவிட்டு நடந்தார்கள். வழியில் விழுந்த செல்லின் துண்டொன்று அவரது இடது தொடையில் இன்னும் இருக்கிறது. அதன்பிறகு மெனிக் பாம்.

போர் முடிந்தபின், 2009 இன் கடைசியிலிருந்துதான் பொதுமக்களின் போக்குவரத்துக்கு வீதி படிப்படியாகத் திறந்தது. ஓமந்தைச் சோதனை நிலையம் அகற்றப்பட்டது 2015 ஓகஸ்டில். இன்று அந்த இடத்தை நாம் அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். “இறங்கி நிண்டு பையைத் துறந்து காட்டின இடத்திலை இப்ப கியர் மாத்திறன். எனக்கு இப்பவும் கால் தன்பாட்டிலை பிரேக்குக்குப் போகும்” என்றார் அண்ணை.

செவ்வாய்: அரை நாள் தூக்கம்

திங்கள் விடியச் சாமானை இறக்கி, பகலில் லொறிக்கு அடியில் பாய் விரித்து மூன்று மணித்தியாலம் படுத்தார். பின்னேரம் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு திரும்பினோம். செவ்வாய் விடியற்காலை திருநெல்வேலிச் சந்தை. மரக்கறி இறங்கும்போது, உள்ளூர் விவசாயி ஒருவர் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ ‘கழிவு’ வெட்டுவது பற்றி வியாபாரியோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார். தோட்டக்காரரின் கழிவு எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. சாரதிக்கும் ஒரு கழிவு உண்டு. ஏற்றும்போது எழுதிய நிறைக்கும் இறக்கும்போது வரும் நிறைக்கும் வித்தியாசம் கூடினால், அது அவரது நடைக்காசில் கழியும். மரக்கறி ஈரம் காய்ந்து நிறை குறைவது இயல்பு. அதை யாரிடம் சொல்வது?

அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு தொகை, சாப்பாட்டுக்குப் பட்டா. நடை இல்லாத கிழமையில் வருமானமும் இல்லை. கிளீனர் பொடியனுக்கு அதில் பாதிக்கும் குறைவு.

2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவானது. அதற்குமுன் நாட்கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் முறையில் வாரக் கோட்டா. டீசலுக்கு நின்ற நாட்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. “நாலு நாள் லைனிலை நிண்டன். நிண்ட நாளெல்லாம் நடை இல்லாத நாள்தானே?” என்றார்.

புதன், வியாழன்: கொழும்பு

புதன் பின்னேரம் சின்ன வெங்காயத்துடன் கொழும்புக்கு. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மதவாச்சி தாண்டியதும் இரண்டு தெரிவு இருக்கிறது. தம்புள்ளை, குருநாகல் வழி ஒன்று. அநுராதபுரம், புத்தளம், சிலாபம் வழி மற்றது. அண்ணை புத்தளம் வழியை எடுத்தார். நொச்சியாகமைக்கும் கருவலகஸ்வெவவுக்கும் இடையில் வெளிச்சத்தைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்தார். அது யானைகள் வீதி கடக்கும் பகுதி. சற்றுத் தூரத்தில் ஒரு தனியன் யானை வீதியோரம் நின்றது. ஹோன் அடிக்காமல், எஞ்சினையும் நிறுத்தாமல், பத்து நிமிடம் காத்திருந்தோம்.

யானையைவிடப் பயம் நித்திரைதான். விடியப்புறம் இரண்டு மணிக்கும் நாலரைக்கும் இடைப்பட்ட நேரத்தைச் சாரதிகள் எல்லோரும் ஒரேமாதிரித்தான் சொல்கிறார்கள்: கண் திறந்திருக்கும், ஆனால் வீதி தெரியாது. தேத்தண்ணி, வெற்றிலை, முகத்துக்குத் தண்ணீர் எல்லாம் அரை மணித்தியாலத்துக்குத்தான் உதவும். அந்த நிலைக்கு ஒரே மருந்து, ஓரம் கட்டி இருபது நிமிடமாவது படுப்பது. அண்ணை சிலாபத்துக்கு முன்னால் அப்படிச் செய்தார். எழுப்பச் சொல்லி என்னிடம் கைபேசியைத் தந்துவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்தார்.

வியாழன் விடியப் பேலியகொடை மெனிங் சந்தை. பகலில் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் சீனி, பருப்பு, பெரிய வெங்காயம் ஏற்றினோம். இரவு திரும்பும் வழியில் பொலிஸார் மறித்துத் தண்டப் பத்திரம் எழுதினார்கள். பத்திரத்தில் எழுதப்பட்டது முழுவதும் சிங்களம். அண்ணைக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. என்ன குற்றம் என்பதைக் கிளீனர் பொடியனின் கைபேசியில் மொழிபெயர்த்துத்தான் அறிந்துகொண்டோம். பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம்.

இதில் எல்லாச் சாரதிகளும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அவ்விடத் தண்டத்தை 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் தொகை இரட்டிப்பாகும், 28 நாளும் தாண்டினால் விடயம் நீதிமன்றம் போகும். வழக்கமான முறையில் காசைத் தபால் நிலையத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி, அனுமதிப்பத்திரத்தை மறித்த பொலிஸ் நிலையத்திலேயே மீளப் பெற வேண்டும். உள்ளூர்ச் சாரதிக்கு அது ஒரு மணித்தியால வேலை. வடக்குச் சாரதிக்கு அடுத்த நடை அந்த வழியால் கிடைக்கும்வரை காத்திருப்பு.

வெள்ளி, சனி: காலும் கொப்பியும்

வெள்ளி முழுக்க யாழ்ப்பாணத்தில் கடை கடையாக இறக்கி முடிய இரவு எட்டு மணி. அந்த வாரம் ஓடிய தூரம் ஏறத்தாழ 1300 கிலோமீற்றர். அண்ணை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனார். மறுநாள் அவரது வீட்டுக்குப் போனேன்.

தொடையில் துண்டு இருக்கும் இடம் வீங்கியிருந்தது. கிளச் மிதிப்பது இடது காலால். கனரக வாகன அனுமதிப்பத்திரத்தை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழுடன் புதுப்பிக்க வேண்டும். அடுத்த வருடம் அவரது முறை. கால் காரணமாகத் தடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இதுவரை எந்த வைத்தியரிடமும் காலைக் காட்டவில்லை. “எழுத்திலை வந்தால் பிறகு அழிக்கேலாது” என்றார்.

எந்த முதலாளியிடமாவது ஊழியர் சேமலாப நிதி கட்டினார்களா என்று கேட்டேன். இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருக்கிறார். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு. நாட்கூலி, துண்டு வேலை, தற்காலிக வேலை எல்லாம் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்குள் அடங்கும். ஊழியரின் உழைப்பில் 8 சதவீதம், தொழில்தருநர் 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம். ஆண்கள் 55 வயதில் இந்தப் பணத்தைப் பெறலாம். கட்டப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் முறையிடலாம். வேலை செய்ததற்கான ஆதாரம் ஏதாவது இருப்பது உதவும்.

“என்னட்டை ஒரு கடுதாசியும் இல்லையே தம்பி” என்றார். அவரது மனைவி எழும்பி அறைக்குள் போய், பொலித்தீன் பையில் சுற்றிய கொப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூடக் கொப்பிகள். 2010 இலிருந்து ஒவ்வொரு நடைக்கும் திகதி, லொறி இலக்கம், ஏற்றிய சாமான், நிறை, பெற்ற காசு. எல்லாம் அண்ணையின் கையெழுத்து. நிறையில் பிணக்கு வந்தால் காட்டுவதற்காக எழுதி வைத்தது. போரில் பிறப்புச் சான்றிதழையும் லொறிப் புத்தகத்தையும் தொலைத்த மனிதர், அதன்பிறகு ஒரு துண்டுக் கடுதாசியையும் எறியவில்லை.

முதலாளியைப் பகைக்க முடியாது என்று நெடுநேரம் யோசித்தார். இதே முதலாளியிடம்தான் மகனுக்கு ரியூசன் காசு கடன் வாங்கியிருக்கிறார். முறைப்பாடு செய்வதற்கு முன்னர் முதலாளியிடமே நேரில் கேட்கலாம், அலுவலகத்தில் விபரம் மட்டும் அறிந்து வரலாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் நீர்வேலியில் மறுபடி வாழைக்குலை ஏறிக்கொண்டிருந்தது. விடைபெறும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டார்: “தம்பி, அந்தக் கந்தோர் செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்குத் திறக்கும்? இறக்கி முடிய எனக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும்.”