மெட்ராஸ் சர்க்கஸ்

எங்க தாத்தா சொன்ன கதைகளிலேயே பெரிய பொய் என்று சேரி முழுக்கப் பேரெடுத்த கதை ஒன்று உண்டு. இத்தாலி தேசத்தில், மலைமேல், மெட்ராஸ் சர்க்கஸ் இருந்தது என்பார். "நாங்கதான்டா அதுக்கு ரோடு போட்டோம்." நைனா சின்னப் பையனாக இருந்தபோது, "யானை இருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். "யானை ஏது? கோவேறு கழுதைதான்" என்றாராம். அதற்குச் சிரித்த சிரிப்பு அவர் சாகும்வரைக்கும் ஓயவில்லை. சாராயக்கடையில் 'சர்க்கஸ் கெழவன்' என்பதுதான் அவர் பேரு. எனக்கு எட்டு வயசில் செத்துப்போனார். நானும் சிரித்தவன்தான்.

ஜெர்மன்காரனைப் பற்றியும் பேசுவார். 'குடைக்காரன்' என்பார். குடை என்றால் பாராசூட். "பேருதான் குடைக்காரன். ஒருத்தன்கூட குடையில எறங்கி நான் பாக்கல. பாறைக்குள்ள எலி மாதிரி இருப்பான், ராத்திரியில சுடுவான்." இதையும் பொய்யென்றுதான் எடுத்துக்கொண்டோம். குடையில் இறங்காதவன் எப்படிக் குடைக்காரன் ஆவான்?

2019இல் எங்கள் பக்கத்துச் சேரிகளில் களஆய்வு செய்ய ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் வந்தார். தமிழ் படித்தவர். நான்தான் கூட்டிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் எங்க வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருந்தவரிடம் ஆயாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் மெடலை எடுத்து நைனா காட்டினார். ஆறு முனை நட்சத்திரம், கருகிப்போனது, ரிப்பன் இல்லை. எழுத்தைத் தேய்த்துப் படித்தார். 'தி இத்தாலி ஸ்டார்.' கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தாலியில் எங்கே தோழர்?" என்று கேட்டார். நைனாவுக்குத் தெரிந்த ஒரே ஊர்ப்பேரு 'கசினா'. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "என் தாத்தா காசினோவில் இருந்தார். அந்தப் பக்கம். அவர் பாராசூட் படை."

எங்க வீட்டுத் திண்ணையில் அன்றைக்கு ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் ஆயாதான், "பாவம், இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்றாள்.

தோழர் ரெண்டு வருஷமாகத் தன் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் அது எப்படி நடக்கிறது என்று கேட்டதில் எனக்குத் தலை சுற்றிப்போனது. போர் தொடங்கிய 1939லேயே ராணுவத்தார் விவரம் சேர்க்க ஒரு அலுவலகம் வைத்திருக்கிறார்கள். சிப்பாயின் கழுத்தில் கிடந்த தகட்டின் எண், எந்தத் தேதியில் எந்தப் படைப்பிரிவு, எந்த ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் அதற்கு எழுதி அனுப்பவேண்டும். ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேலான அட்டைகள். போருக்குப் பிறகும் பெர்லினில் அந்த அலுவலகம் நடந்தது. 2019 தொடக்கத்தில் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தோடு சேர்த்துவிட்டார்கள். பேரன் பேத்தி யாரும் பிறந்த தேதியைக் கொடுத்து எழுதிக் கேட்கலாம். எல்லாம் பிழைத்துவிடவில்லை. போட்ஸ்டாமில் இருந்த தரைப்படை ஆவணக்காப்பகம் 1945 ஏப்ரலில் குண்டு விழுந்து எரிந்துபோனது. பாராசூட் படை தரைப்படையில் சேர்ந்தது அல்ல, கோயரிங்கின் விமானப்படையில் சேர்ந்தது. அந்தப் படையின் காகிதங்களும் கடைசியில் பெரும்பாலும் அழிந்தன. அட்டைகள் தப்பின.

அவர் எதற்குப் பயந்துகொண்டு தேடினார் என்பதைச் சொல்லவேண்டும். கிரேக்கத் தீவு கிரீட். 1941 மே 20 அன்று ஜெர்மன் பாராசூட் படை வானத்திலிருந்து அந்தத் தீவில் இறங்கியது. கிரேக்கர், பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர் எதிர்த்தார்கள். அவர்களோடு சேர்ந்து கிராமத்துச் சனமும் கத்தி, கம்பு, பாட்டன் காலத்துத் துப்பாக்கி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தது. இறங்கியவர்களில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பிறகு ஹிட்லர் அந்த அளவில் பாராசூட் தாக்குதலுக்கே சம்மதிக்கவில்லை. தீவு கைக்கு வந்ததும் படைத்தலைவன் குர்ட் ஸ்டூடென்ட் பழிவாங்க உத்தரவு போட்டான். சீருடை போடாத குடியானவன் எப்படித் துப்பாக்கி எடுக்கலாம் என்பதுதான் ஆத்திரம். (இந்த ஆத்திரம் நமக்குப் புதுசல்ல.) ஜூன் 2 அன்று கொண்டோமாரி என்ற ஊரின் ஆண்களை ஒலிவத் தோப்பில் நிறுத்திச் சுட்டார்கள். ஜெர்மன் கணக்கிலேயே 23 பேர். மறுநாள் கண்டனோஸ் கிராமம் தரைமட்டமானது. அங்கே செத்தவர்கள் சுமார் 180 பேர். கொண்டோமாரியில் நடந்ததைக் கூட இருந்த வைக்ஸ்லர் என்ற ஜெர்மன் படையாளே வரிசையாகப் படம் எடுத்திருக்கிறான். தோப்புக்கு நடத்திப் போவது, நிற்பது, விழுவது. அந்தப் படங்கள் 1980இல்தான் ஆவணக்காப்பகத்திலிருந்து வெளியே வந்தன.

தோழர் அந்தப் படங்களை ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். தாத்தா தெரிகிறாரா என்று. பாராசூட் படையில் அப்போது விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள்தான் இருந்தார்கள். 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்று குடும்பம் சொல்லித் தப்பிக்க முடியாது.

பெர்லினிலிருந்து பதில் வந்தது அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு. அவருடைய தாத்தா 3ஆம் பாராசூட் ரெஜிமென்ட். கொண்டோமாரியில் சுட்டது வேறு ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாளம். எனக்கு எழுதினார்: "படித்ததும் அழுதேன், நிம்மதியில். அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நாள் வெட்கமாக இருந்தது. அவர் பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் இருந்தார். அங்கே என்ன செய்தார் என்று அட்டை சொல்லாது." ஜெர்மனியில் இதைப் பற்றி 2002இல் ஒரு ஆய்வுநூல் வந்திருக்கிறது. 'தாத்தா நாஜி அல்ல' என்பதுதான் தலைப்பின் பொருள். தாத்தாவே தன் வாயால் சொன்ன கொடுமையைக்கூடப் பேரப்பிள்ளைகள் கேளாதது மாதிரி விட்டுவிட்டு அவரை நல்லவராக்கிக்கொள்கிறார்கள் என்று காட்டிய ஆய்வு. நான் அந்த ஆசைக்கு ஆளாகமாட்டேன் என்றார் தோழர். எனக்கு அந்த ஆசை இருந்தது. எங்க தாத்தாவை மாவீரனாக்கி ஒரு கட்டுரை எழுத மனசுக்குள் தலைப்பே வைத்துவிட்டிருந்தேன்.

என் பக்கம் காகிதமே இல்லை. நைனாவுக்குப் பத்தொன்பது வயசில் சேரி எரிந்தது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கூரையோடு போனது. மெடலின் ரிப்பன் போனதும் அப்போதுதான். எரித்தது யார் என்று வழக்கு நடந்து, யாரும் எரிக்கவில்லை என்று முடிந்தது. ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். ரெஜிமென்ட் நம்பர் இல்லாமல் தேட முடியாது என்று பதில். நம்பர் எரிந்துபோனதால்தானே அய்யா எழுதுகிறேன் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

மிச்சமிருந்தது தாத்தா சொன்ன சொற்கள்தான். அவற்றில் ஒன்று 'தம்பி'. "வெள்ளைக்காரன் எங்கள எல்லாம் தம்பின்னுதான் கூப்பிடுவான்." மெட்ராஸ் சப்பர் அண்ட் மைனர் படையாட்களுக்கு ராணுவத்தில் இன்றைக்கும் வழங்கும் பேரு அது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படைக்கு 1876இல் 'குயின்ஸ் ஓன்' என்று பட்டம் வந்தது. பறையர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதில் இருந்ததால் 'குயின்சாப்' என்பது ஒரு சாதிப்பேரு போலவே ஆகிப்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் 'வீர இனம்' என்ற கணக்கைக் கொண்டுவந்து தென்னாட்டுச் சிப்பாயை ஒதுக்கினார்கள். மகர்களை 1890களின் தொடக்கத்தில் வெளியே தள்ளினார்கள். மெட்ராஸ் காலாட்படையும் 1920களில் கலைந்தது. சப்பரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மண் வெட்டவும் பாறை உடைக்கவும் பாலம் கட்டவும் ஆள் வேண்டும் அல்லவா? வீர இனத்தான் சுடப்போவதற்கு முந்தி அந்த இடத்தில் போய் வழி வெட்டுகிறவன், கண்ணிவெடி எடுக்கிறவன் எந்த இனம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. போர் முற்றி ஆள் போதாமல் போனதும் 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்தது, அம்பேத்கர் விடாமல் கேட்டதும் சேர்ந்து. அதே நெருக்கடியில்தான் எங்க தாத்தாவும் சேர்ந்தார். தேசத்துக்காகவோ ராஜாவுக்காகவோ அல்ல. ஆயா சொன்னது: "சோறு போடறாங்கன்னு போச்சு. பூட்ஸ் குடுக்கறாங்கன்னு போச்சு."

பெர்லின் அட்டை வந்த அடுத்த மாசம் தோழரிடமிருந்து ஒரு வரைபடம் வந்தது. தாத்தாவின் படையைத் தொடர்ந்து போனவர் காசினோ பற்றிய புத்தகங்களைப் புரட்டியிருக்கிறார். 1944 பிப்ரவரி 15 அன்று மலைமேலிருந்த மடத்தை நேச நாட்டு விமானங்கள் நொறுக்கின. இடிபாட்டுக்குள் ஜெர்மானியர் புகுந்துகொண்டார்கள். மாசக் கடைசியில் அந்த முனை முழுதும் ஹைட்ரிச்சின் 1ஆம் பாராசூட் டிவிஷன் கைக்குப் போனது. விமானம் இல்லாத பாராசூட் படை, பாறைக்குள் காலாட்படையாக. எதிரே நியூசிலாந்துக்காரர்களும் 4ஆம் இந்திய டிவிஷனும். அந்த டிவிஷனில் மெட்ராஸ் சப்பரின் 12ஆம் பீல்டு கம்பெனியும் 11ஆம் பீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. மடத்துக்குப் பின்புறமாக டாங்கி ஏற ஒரு வழி வேண்டுமென்று, காயிரா என்ற ஊரிலிருந்து மலைமேல் ஆட்டுத்தடம் மாதிரி இருந்த பாதையை, வெடிவைத்து, உடைத்து, அகலப்படுத்தினார்கள். எதிரி கண்ணுக்குத் தெரியாமல் வலை கட்டி மறைத்துச் செய்த வேலை. கேவண்டிஷ் ரோடு என்று பேரு வைத்தார்கள். அந்த ரோடு மலைமேல் போய் ஒரு திறந்தவெளியில் விரிகிறது. வரைபடத்தில் அந்த இடத்தைத் தோழர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

'மெட்ராஸ் சர்க்கஸ்.'

லண்டனில் நாலு தெரு கூடுகிற வட்டத்துக்கு 'சர்க்கஸ்' என்று பேராம்.

மார்ச் 19 அன்று அந்தச் சர்க்கஸிலிருந்து டாங்கிகள் கிளம்பின. கூடவே காலாட்படையை அனுப்பவில்லை. குடைக்காரர்கள் கண்ணிவெடி வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். தாக்குதல் தோற்றது. கடைசியில் மே 18 அன்று போலந்துப் படை மடத்தைப் பிடித்தது. அவர்களுடைய டாங்கியும் அதே ரோட்டில்தான் ஏறியது. இன்றைக்கும் அங்கே ஒரு போலந்து டாங்கி நினைவுச் சின்னமாக நிற்கிறது. பாறை உடைத்தவனுக்கு அந்தப் பேரு ஒன்றுதான் மிச்சம். பிப்ரவரி 24 அன்று, காசினோவுக்குத் தெற்கே மிக்னானோவில், மெட்ராஸ் சப்பர் சுபேதார் சுப்பிரமணியன் கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின்மேல் விழுந்து செத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பேரு தெரியும்?

குடைக்காரர்களைப் புகழ்ந்து போருக்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள். அவர்களோடு மோதிய பிரிட்டிஷ் தளபதியே புகழ்ந்திருக்கிறார். ரெண்டு பக்கத்துச் சீமான்களும் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் எழுத்தில் கிரீட் கிராமத்தானும் இல்லை, எங்க தாத்தாவும் இல்லை.

தாத்தா 1946இல் பூட்ஸோடு ஊருக்கு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊர்த்தெருவுக்கு முன்னால் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் சேரிக்கு வந்தார். இதை அவர் கதையாகச் சொன்னதே இல்லை. ஆயா சொல்லித்தான் தெரியும்.

தோழர் போன வருஷம் காசினோ போய்வந்தார். காயிராவில்தான் இப்போது ஜெர்மன் கல்லறைத்தோட்டம், இருபதாயிரம் பேருக்கு மேல். எங்க தாத்தா ரோடு போட ஆரம்பித்த ஊர். கேவண்டிஷ் ரோட்டில் நடந்து மேலே போய் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். புல், கொஞ்சம் கல், ஆள் யாரும் இல்லை. வரைபடத்தையும் போட்டோவையும் நைனாவிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"கழுதை இருந்துச்சான்னு கேளுடா" என்றார்.

கேட்டேன். இருந்தது. மலைமேல் சோறு, தண்ணி, குண்டு எல்லாம் கோவேறு கழுதைமேல்தான் போயிருக்கிறது.