அடைபட்ட செவிக்குழலும் கட்டணக் குறியீடும்: அமெரிக்க நோயறிதல் குறியீட்டு வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

நடுச்செவியையும் மூக்கின் பின்புறத் தொண்டைப் பகுதியையும் இணைக்கும் குழல், செவிப்பறையின் இருபுறத்துக் காற்றழுத்தத்தையும் சமன்செய்கிறது. அது அடைபட்டால் காது கனக்கும். கேட்கும் திறன் குறையும். அமெரிக்காவில் இந்நோய் மருத்துவரின் குறிப்பில் சொற்களாகவும், காப்பீட்டாளருக்குச் செல்லும் கட்டணக் கோரிக்கையில் குறியீடாகவும் பதிவாகிறது. நோயின் பரவலையும் சிகிச்சையின் வரலாற்றையும் ஆராய்வோர்க்கு எளிதில் கிடைப்பது இரண்டாவது பதிவே. அப்பதிவு எத்தேவைக்காக உருவாயிற்று, எதைக் காட்டி எதை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குழலும் மருத்துவமும்

இக்குழலை 1562இல் விரிவாக விளக்கியவர் இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி. 1704இல் வால்சால்வா அதற்கு அவர் பெயரையே சூட்டினார். 1863இல் வியன்னாவின் ஆடம் பொலிட்சர் மூக்குவழிக் காற்றைச் செலுத்திக் குழலைத் திறக்கும் முறையை வெளியிட்டார். 1954இல் அமெரிக்க மருத்துவர் ஆர்ம்ஸ்ட்ராங் செவிப்பறையில் சிறு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். இச்செயற்கைக் குழாய் அடைபட்ட இயற்கைக் குழலைத் திறப்பதில்லை. நடுச்செவிக்குக் காற்று செல்ல மாற்றுவழி அமைக்கிறது. இரண்டையும் குழாய் என்றே வழங்குவதால் ‘அடைபட்ட காதுக்குழாய்’ என்னும் தொடர் இருபொருள் தருகிறது. குறியீட்டு முறையோ இயற்கைக் குழலின் அடைப்பைச் செவிநோய்ப் பிரிவிலும், பொருத்திய குழாயின் பழுதைச் செயற்கைச் சாதனச் சிக்கல்களின் பிரிவிலும் வைக்கிறது.

இறப்புப் பட்டியலிலிருந்து கட்டணப் படிவத்திற்கு

நோய் வகைப்பாடு தொடக்கத்தில் பணம் கோரும் கருவியாக இருந்ததில்லை. 1893இல் சிகாகோவில் ஜாக் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியல் இறப்பின் காரணங்களை எண்ணுவதற்கானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் 1948இல் வெளிவந்த ஆறாம் திருத்தமே, உயிர்கொல்லாத நோய்களையும் உள்ளடக்கியது. செவிக்குழல் அடைப்பு போன்ற நோய்களுக்கு இம்மாற்றம் இன்றியமையாதது. இறப்புப் பட்டியலில் அவற்றிற்கு இடம் அரிது.

கட்டணத்துடனான பிணைப்பு அமெரிக்காவில் படிப்படியாக நிகழ்ந்தது. 1965இல் உருவான மெடிக்கேர் திட்டம், நியாயமானதும் தேவையானதுமான சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும் விதியைக் கொண்டிருந்தது. 1966இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் சிகிச்சை நடைமுறைகளுக்கான சி.பி.டி. குறியீட்டு நூலை வெளியிட்டது. ஒன்பதாம் திருத்தத்தின் அமெரிக்க மருத்துவ வடிவம் 1979இல் பயன்பாட்டிற்கு வந்தது. 1983இல் மருத்துவமனைகளுக்கான மெடிக்கேர் கட்டணம் நோயறிதல் சார்ந்த குழுக்களின்படி வரையறுக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மருத்துவர்களின் கோரிக்கைகளிலும் நோயறிதல் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. அச்சட்டத்தின் பெரும்பகுதி மறு ஆண்டே நீக்கப்பட்டபோதும் இவ்விதி நிலைத்தது. கோரிக்கைப் படிவத்தில் ஒவ்வொரு நடைமுறைக்கும் எதிரே அதற்குக் காரணமான நோயறிதலைச் சுட்டவேண்டும். எண்ணுவதற்குப் பிறந்த குறியீடு இவ்வாறு சிகிச்சையின் தேவையை மெய்ப்பிக்கும் சான்றாயிற்று.

இடமும் பக்கமும்

அமெரிக்க வடிவம் செவிக்குழல் அடைப்பை 381.6 என்னும் தலைப்பின்கீழ் நான்காகப் பகுத்தது: குறிப்பிடப்படாதது, எலும்புப் பகுதியது, குருத்தெலும்புப் பகுதியில் உட்காரணத்தது, அதே பகுதியில் புறக்காரணத்தது. குழலின் செயற்பாட்டுக் குறைவு 381.81 எனத் தனித்து நின்றது. 2015 அக்டோபர் 1இல் பத்தாம் திருத்தத்தின் அமெரிக்க வடிவம் நடைமுறைக்கு வந்தது. எச்68.1 என்னும் புதிய தலைப்பில் அந்நான்கு பகுப்புகளும் தொடர்ந்தன. ஆறாம் இடத்தில் வலம், இடம், இருபுறம் என்னும் பக்கக் குறிப்பும் சேர்ந்தது. எச்68.121 என்பது வலச்செவிக் குழலின் குருத்தெலும்புப் பகுதியில் உட்காரணத்தால் நேர்ந்த அடைப்பு. செயற்பாட்டுக் குறைவோ தன் தனி எண்ணை இழந்து எச்69இன் பொதுத் தலைப்புகளுள் அடங்கியது.

அதே 2015இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இந்நோய்க்கு ஒருமித்த வரையறை வெளியிட்டது. குழல் திறக்கத் தவறுதல், அழுத்த மாற்றத்தின்போது மட்டும் தவறுதல், திறந்தே கிடத்தல் என அது செயற்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. மருத்துவச் சிந்தனை செயலை நோக்கிச் சென்ற ஆண்டில், குறியீடு இடத்தையும் பக்கத்தையும் நுணுக்கமாகக் கேட்டது. ஆயின் செவிப்பறையை நோக்கியும் நடுச்செவி அழுத்தத்தை அளந்தும் மருத்துவர் அடைப்பை உய்த்துணர்கிறாரேயன்றி, அது எலும்பிலா குருத்தெலும்பிலா என வழக்கமான சோதனையில் காண்பதில்லை. மருத்துவர் எழுதாததைக் குறியீட்டாளர் சேர்க்கவும் இயலாது. சென்னை, கோவை நகரங்களில் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இப்பணி செய்வோரும் நோயாளியைக் காண்பதில்லை; குறிப்பையே காண்கின்றனர். குறிப்பில் இடம் இல்லையெனில் எஞ்சுவது ‘குறிப்பிடப்படாதது’ என்னும் எண்ணே.

எண் பெறாத சிகிச்சை

குழலையே பலூன் கொண்டு விரிக்கும் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் ஒப்புதல் அளித்தது. அதற்குரிய சி.பி.டி. எண்கள், ஒரு பக்கத்திற்கு 69705, இருபக்கத்திற்கு 69706 என, 2021இல்தான் வந்தன. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் ‘பட்டியலிடப்படாத நடுச்செவி நடைமுறை’ என்னும் 69799ஐப் பயன்படுத்தி, செய்ததை விளக்கும் ஆவணத்தையும் இணைக்க நேர்ந்தது. அவ்வெண் வேறு நடைமுறைகளுக்கும் பொதுவானது. ஆகவே அதனை மட்டும் கொண்டு பலூன் சிகிச்சைகளைப் பிரித்தெண்ண இயலாது. 2021இல் தோன்றும் ஏற்றத்தைச் சிகிச்சையின் தொடக்கமாகக் கொள்பவர், எண் பிறந்த நாளைச் சிகிச்சை பிறந்த நாளாகப் பிழைபடக் கொள்வர்.

முடிவுரை

குறியீட்டின் ஒவ்வொரு மாற்றமும் தரவில் நோயே மாறியதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. 2015க்குப் பின் பக்கம் தெரிகிறது. செயற்பாட்டுக் குறைவு மங்குகிறது. செவிப்பறையில் குழாய் பொருத்தும்போது பெரும்பாலும் நீர்கோத்த நடுச்செவியே காரணமாக எழுதப்படுவதால், அதன் பின்னுள்ள குழலடைப்பு பதிவில் மறைகிறது. எனவே கட்டணப் பதிவுகளைச் சான்றாகக் கொள்வோர், நோயாளியின் எண்ணிக்கையை நோக்குமுன் குறியீட்டின் ஆண்டையும் அது விடையளித்த கேள்வியையும் நோக்கவேண்டும். அக்கேள்வி ‘இவருக்கு என்ன நோய்’ என்பதைக் காட்டிலும் ‘இச்சிகிச்சைக்கு ஏன் பணம் தரவேண்டும்’ என்பதாகவே இருந்துள்ளது.