அஞ்சல் உறைக்குள் கிருமி: சோதிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த ஒரு வாரத்தில், நியூஜெர்சி மாநிலத்தின் ட்ரெண்டன் முத்திரை பதித்த கடிதங்கள் அமெரிக்கச் செய்தி நிறுவனங்களுக்குச் சென்றன. அக்டோபரில் டாம் டாஷ்ல், பேட்ரிக் லேஹி ஆகிய செனட்டர்களுக்கும் அனுப்பப்பட்டன. உள்ளே இருந்தது ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி. 22 பேர் நோயுற்றனர். 5 பேர் இறந்தனர். கடிதங்களில் அல்லாஹ்வின் பெயரும் எழுதப்பட்டிருந்ததால், சந்தேகம் முஸ்லிம்கள் மீது திரும்பியது.

உறை காட்டிக் கொடுக்காது

எக்ஸ்ரே கருவி உலோகத்தையும் கம்பியையும் காட்டும். கிருமிப் பொடிக்கும் மாவுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. அன்று அமெரிக்க அஞ்சல்துறை ஆண்டுக்குக் கையாண்டதோ 20,000 கோடிக்கும் மேற்பட்ட தபால்கள். சரக்குப் பெட்டகங்களிலும் இதே சிக்கல்தான். ஆவணங்களைப் பார்த்துச் சந்தேகத்துக்குரியதை மட்டுமே திறக்க முடிகிறது.

ஒட்டிய உறையால் ஆபத்தில்லை என்றே அதிகாரிகள் நம்பினர். ஆனால் தரம் பிரிக்கும் இயந்திரம் உறைகளை அழுத்தியபோது, நுண்ணிய கிருமி காகிதத் துளைகள் வழியே வெளியேறியது. அக்டோபர் 15 அன்று டாஷ்ல் அலுவலகத்தில் கடிதம் திறக்கப்பட்டதும் அங்கிருந்தவர்களுக்கு உடனே மருந்து கிடைத்தது. அதே கடிதம் கடந்து வந்த வாஷிங்டன் பிரென்ட்வுட் அஞ்சல் மையம் மூடப்பட்டதோ 21 ஆம் தேதி. அங்கு வேலை பார்த்த இருவர் உயிரிழந்தனர். பதவியில் இருப்பவருக்கும் தொழிலாளிக்கும் உயிர் ஒன்றுதான் என்பதை மறந்ததன் விலை அது.

பின்னர் வந்த தீர்வுகள்

தரம் பிரிக்கும் இயந்திரங்களின் மேல் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள மரபணுவைச் சோதிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. முடிவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்தக் கிருமிக்காக அமைக்கப்பட்டதோ அதை மட்டுமே கண்டறியும். வாஷிங்டன் அரசு அலுவலகத் தபால்களுக்குக் கதிர்வீச்சு பாய்ச்சினர். கிருமி சாகும், கூடவே காகிதம் மஞ்சளாகி நொறுங்கும், மருந்தும் விதையும் கெடும். எல்லாத் தபாலுக்கும் இதைச் செய்ய இயலாது.

அனுப்பியவர் யார்?

முதலில் ஒரு விஞ்ஞானி பல ஆண்டுகள் தவறாகச் சந்தேகிக்கப்பட்டார். அரசு அவருக்கு இழப்பீடு கொடுத்தது. இறுதியில், ஃபோர்ட் டெட்ரிக் இராணுவ ஆய்வகத்தின் விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ்தான் குற்றவாளி என்று எஃப்.பி.ஐ. முடிவு கட்டி, 2010இல் வழக்கை மூடியது. அவர் 2008லேயே தற்கொலை செய்துகொண்டதால் நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. அறிவியல் சான்று மட்டுமே இதை உறுதியாக நிரூபிக்காது என்று 2011இல் தேசிய அறிவியல் அகாடமியின் குழு கூறியது. எப்படியாயினும், கடிதத்தில் இருந்த வாசகத்தை வைத்து ஒரு சமுதாயத்தையே சந்தேகித்தது பிழையானது.

வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத்தின் 6 ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பிறர் நம்மிடம் எதிர்பார்க்கும் அந்த நேர்மையை நாமும் பிறரிடம் கடைப்பிடிக்க வேண்டும்.

சந்தேகத்துக்குரிய பொடியுடன் தபால் வந்தால் குலுக்காதீர்கள், முகராதீர்கள். அப்படியே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறி, கதவை மூடி, சோப்புப் போட்டுக் கை கழுவி, காவல்துறைக்குத் தெரிவியுங்கள். உறுதியாகும் முன் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.