ஆலய அன்னதானத்திற்குப் பெரிய எரிவாயு அடுப்பு: தாங்கியைத் தேர்வு செய்வதும் பொருத்துவதும் எப்படி?

கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்ட ஆலயங்களில் ஒரு காலத்தில் திருவிழாச் சமையல் என்றால் மூன்று கல் அடுப்பும் ரப்பர் விறகும்தான். பால் வற்றிய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போதெல்லாம் விறகுக்குப் பஞ்சம் இருக்காது. ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கிய தென்னமரம் தோட்டமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. பின்னாளில் ரப்பர் இருந்த இடத்தையெல்லாம் செம்பனை பிடித்துக்கொண்டது. செம்பனை மட்டை அடுப்புக்கு ஆகாது. ஆகவே, விறகு போய் எரிவாயு வந்துவிட்டது.

விறகு அடுப்பைக் கட்டத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். ஆனால், 100 லிட்டர் அண்டாவைத் தாங்கும் எரிவாயு அடுப்பை எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே வைப்பது என்பதைப் பல ஆலயங்களில் யாரும் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. கடைக்காரர் காட்டியதை வாங்கி, கிடைத்த ரப்பர் குழாயை மாட்டி, பந்தலுக்குள் வைத்துவிடுகிறோம். சமைப்பவர்கள் தொண்டூழியர்கள், சுற்றி ஓடுவது நம் வீட்டுப் பிள்ளைகள். எனவே, அடுத்த திருவிழாவுக்கு முன் ஆலய நிர்வாகத்தினரும் இளைஞர் பகுதியினரும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துள்ளோம்.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள்

அடுப்பு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நெருப்பு எவ்வளவு பெரிதாக வரும் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, தாங்கி எவ்வளவு எடை தாங்கும் என்பதை.

200 பேருக்குச் சோறு வடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 கிராம் என்றால் அரிசி 20 கிலோ. வடிப்பதற்குத் தண்ணீர் ஏறக்குறைய 60 லிட்டர், அதாவது 60 கிலோ. அண்டாவின் எடை 10 முதல் 15 கிலோ. மொத்தம் 90 கிலோவைத் தாண்டிவிடும். நன்கு வளர்ந்த ஓர் ஆள் நெருப்பின் மேல் நிற்பதற்குச் சமம் அது. அதோடு, கரண்டி போட்டுக் கிளறும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறோம்.

இரும்பு சூடேறினால் வலுவிழக்கும். ஏறக்குறைய 600 பாகை செல்சியசில் அதன் வலு பாதியாகக் குறைந்துவிடும். அடுப்பு வாய்க்கு நேர் மேலே இருக்கும் கம்பிகள் செந்நிறமாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே, சமைக்கும் எடையைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் தாங்கியையே வாங்க வேண்டும். சோதிப்பது எளிது. வெல்டிங் பட்டறையிலிருந்து தாங்கி வந்ததும் 50 கிலோ சிமெண்டு மூட்டை நான்கை அதன்மேல் அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் கால் வளைந்திருந்தாலோ, பற்றவைப்பில் கீறல் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று கால் தாங்கியைவிட நான்கு கால் தாங்கி சாய்வதற்குச் சாத்தியம் குறைவு. கால்கள் தரையில் ஊன்றும் அகலம் அண்டாவின் அடிப்பகுதியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நான்கு கால்களையும் கீழே ஒரு சுற்றுக் கம்பி இணைத்திருக்க வேண்டும்.

அடுக்குத் தாங்கி தேவையா?

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, மூன்று அடுப்புகள் படிபோல் ஏறும் தாங்கிகளும் உண்டு. வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களின் அமைப்பு அது. மேல் அடுக்கில் வெந்நீர், நடுவில் ஊறும் தானியம், கீழே கொதிக்கும் சாறு என்று பம்பு இல்லாமலே திரவம் தானாகக் கீழே இறங்கும். நம் நாட்டில் உரிமமில்லாமல் மது காய்ச்சி வடிப்பது 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். சம்சு தோட்டக் குடும்பங்களுக்குச் செய்த கேட்டையும் நாம் அறிவோம். அந்த வேலைக்காக இந்தத் தாங்கி நமக்குத் தேவையில்லை.

இடம் மிச்சமாகும் என்று எண்ணி அன்னதானத்திற்கு அதை வாங்க நினைப்பவர்களும் யோசிக்க வேண்டும். மேல் அடுக்கில் இருக்கும் அண்டாவின் விளிம்பு சமைப்பவரின் தலை உயரத்திற்குப் போய்விடும். உள்ளே என்ன கொதிக்கிறது என்று தெரியாது. எட்டிக் கிளறும்போது பொங்கி வழிந்தால் முகத்திலும் மார்பிலும்தான் விழும். எடை மேலே ஏற ஏறத் தாங்கி சாய்வதும் எளிதாகிவிடும்.

இதற்கு ஒரு நல்ல அளவு உண்டு. அடுப்பில் ஏற்றிய பிறகு அண்டாவின் விளிம்பு சமைப்பவரின் இடுப்பு உயரத்தை ஒட்டி நிற்க வேண்டும். 40 முதல் 45 சென்டிமீட்டர் உயர அண்டாவுக்குத் தாங்கியின் உயரம் 35 முதல் 40 சென்டிமீட்டர் போதும். பெண்கள் சமைக்கும் ஆலயமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாழ்வாகச் செய்யச் சொல்லுங்கள். மூன்று பாத்திரம் வேண்டுமென்றால் மூன்று தனித் தாங்கிகளை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓர் ஆள் திரும்பி நடக்கும் இடம் விடுங்கள். அடுக்குத் தாங்கி ஏற்கெனவே இருந்தால், கீழ் அடுக்கை மட்டும் பயன்படுத்தி, மேல் அடுக்கில் தட்டு, கரண்டிகூட வைக்காமல் காலியாக விடுவது நல்லது.

எவ்வளவு எரிவாயு ஆகும்?

60 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 18 மெகாஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோ எரிவாயு 46 மெகாஜூல் தரும். ஆனால், திறந்தவெளி அடுப்பில் அதில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். ஆக, 60 லிட்டர் கொதிக்க ஒரு கிலோ எரிவாயு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகத் தவறாது. மணிக்கு ஒரு கிலோ எரிக்கும் அடுப்பு என்றால் ஒரு மணி நேரம். இரண்டு கிலோ எரிக்கும் அடுப்பு என்றால் அரை மணி நேரம்.

கலனில் மிச்சம் எவ்வளவு என்பதை ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. வெற்றுக் கலனின் எடை அதன் மேல் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் வைத்து அதைக் கழித்தால் மீதி தெரிந்துவிடும்.

ஒரு 14 கிலோ கலனில் ஒரு பெரிய அடுப்பை மட்டும் இணையுங்கள். திரவமாக உள்ளே இருக்கும் வாயு ஆவியாக மாறும்போது கலன் குளிரும். வேகமாக இழுத்தால் வெளியே வியர்த்து, நெருப்பு சிறுத்துப்போகும். அப்போது சிலர் கலனைச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள், வெந்நீர் ஊற்றுவார்கள். இரண்டும் ஆபத்து. கலனைப் படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வந்து, அடுப்பில் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பும். கலனை மாற்றிவிட்டு, குளிர்ந்ததை நிமிர்த்தி வைத்து ஓய்வு கொடுப்பதே சரி.

பெரிய விழாவுக்குப் பல கலன்கள் தேவைப்பட்டால், மானிய விலைக் கலன்களை வாங்கிக் குவிப்பதற்கு முன் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ரெகுலேட்டரும் குழாயும்

வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டர் குறைந்த அழுத்தத்தில் வாயுவை விடும். பெரிய அண்டா அடுப்புக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் வேண்டும். உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டவே கூடாது. அதேபோல், வீட்டு அடுப்பின் குழாயை உயர் அழுத்த அடுப்புக்குப் பயன்படுத்தவும் கூடாது. அதற்கென்று தயாரான, கனமான குழாயைக் கேட்டு வாங்குங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால் வேறு கடைக்குப் போவது நல்லது.

குழாயின் இரு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆலயக் கிடங்கில் ஓராண்டு கிடந்த குழாயை எலி கடித்திருக்கலாம். வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். சந்தேகம் வந்தால் ஒட்டுப்போடாமல் புதிதாக வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்ல வழக்கம்.

எங்கே வைப்பது?

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் கால்வாயிலும் தேங்கும். நாலைந்து மீட்டர் தள்ளி யாராவது சூடம் ஏற்றினாலும் பற்றிக்கொள்ளலாம். ஆகவே, கலனைக் கால்வாய் ஓரத்தில் வைக்காதீர்கள். அடுப்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, நிமிர்த்தி, நிழலில் வையுங்கள். குழாய் ஆட்கள் நடக்கும் வழியில் போகக் கூடாது. விளக்கு, கற்பூரத் தட்டு, பட்டாசு எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

வட சிலாங்கூரில் தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராஜா மூசா, பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் பல இடங்களில் கரி மண். காலால் மிதித்தாலே அமுங்கும் அந்த மண்ணில் 90 கிலோ அண்டாவை ஏற்றினால், கொதிக்கும் வேளையில் ஒரு கால் மட்டும் இறங்கி அண்டா சாயும். காய்ந்திருந்தால் அந்த மண்ணே தீப்பிடித்து உள்ளுக்குள் புகையும். கரையோரக் களிமண்ணும் மழை பெய்தால் இளகிவிடும். சிமெண்டுத் தளம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு காலுக்கும் கீழே நடைபாதைக் கல் வைத்து, மட்டம் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய அண்டாவை ஏற்றி அரை மணி நேரம் கழித்து மறுபடியும் மட்டம் பார்த்த பிறகே பற்ற வையுங்கள். பலகை, மரக்கட்டை வேண்டாம்.

ஜெராம், கோலசிலாங்கூர் கரையில் கடற்காற்று நெருப்பை ஒரு பக்கம் தள்ளும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகரம் வைக்கலாம். ஒரு பக்கம் திறந்தே இருக்க வேண்டும். கலனைத் தகரத்துக்குள் அடைக்கக் கூடாது. கூடாரத் துணிக்குக் கீழே சமைப்பதானால் துணி உயரமாக, இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். மாலை மழை வந்துவிட்டது என்று எரியும் அடுப்பை மூடிய அறைக்குள் நகர்த்தாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பற்ற வைக்கும் முறை

முதலில் சோப்பு நுரையை எல்லா இணைப்புகளிலும் தடவிப் பாருங்கள். கலனைத் திறந்ததும் குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. நெருப்புக் குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

கசிவு இல்லையென்றால் நீண்ட பற்றவைப்பானை அடுப்பு வாயில் காட்டிய பிறகே வாயுவைத் திறக்க வேண்டும். முதலில் வாயு, பிறகு நெருப்பு என்று செய்தால் முகம் கருகும். பற்றவில்லையென்றால் மூடிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து அண்டா கரி பிடித்தால் காற்றுத் துவாரத்தைத் திறந்து சரிசெய்யுங்கள். நெருப்பு அண்டாவின் அடியில் பரவினால் போதும்; பக்கத்தில் ஏறி எரிந்தால் வாயுதான் வீண். சமையல் முடிந்ததும் கலனை முதலில் மூடி, குழாயில் இருக்கும் வாயு எரிந்து அணைந்த பிறகு அடுப்பை மூடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

உலர் தூள் தீயணைப்பான் ஒன்று, ஓடி எடுக்கும் தூரத்தில், அடுப்புக்குப் பின்னால் இல்லாமல் வழியோரத்தில் இருக்க வேண்டும். வடை, அப்பளம் பொரிக்கும் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; வாயுவை மூடி, பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். கலனை நெருங்க முடியாத அளவுக்குத் தீ இருந்தால் எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லி 999 எண்ணை அழையுங்கள்.

கொதிநீர் பட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல், கயிறு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, கிச்சாப், மாவு, விபூதி எதுவும் புண்ணில் பூச வேண்டாம். உள்தோட்டங்களிலிருந்து மருத்துவமனைக்குப் போக நேரமாகும் என்பதால், சமையல் நாளன்று ஒரு காடியும் ஓட்டுநரும் தயாராக இருக்க வேண்டும்.

ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்

பல ஆலயங்களில் அடுப்பைப் பற்ற வைப்பவர் ஒருவர், கிளறுபவர் வேறொருவர், கலனை மாற்றுபவர் இன்னொருவர். யாருக்கும் முழுப் பொறுப்பு இல்லை. பூசைக்கு ஒருவரை நியமிப்பதுபோல் அடுப்புக்கும் ஒருவரை நியமியுங்கள். அன்று அவரைப் பந்தி பரிமாறவோ தேர் இழுக்கவோ கூப்பிடாதீர்கள். அடுப்பைச் சுற்றி இரண்டு மீட்டருக்குக் கயிறு கட்டி, பிள்ளைகள் உள்ளே வராமல் பார்ப்பதும், கடைசி அடுப்பு அணைந்து கலன் மூடியதை உறுதிசெய்வதும் அவர் வேலை. விழா முடிந்ததும் தாங்கியைக் கழுவித் துருப்பிடிக்காமல் துடைத்து, குழாயைச் சுருட்டி எலி எட்டாத இடத்தில் மாட்டி வையுங்கள். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு நிர்வாகத்திற்கு வருகிறவர்களுக்கும் எப்போது மாற்றுவது என்பது தெரிந்துவிடும்.