துறை பெற்ற பெயர், தறி இழந்த பெயர்

மன்னர்கள் கல்லில் வெட்டிய எழுத்து வரலாற்றுக்குச் சான்று என்கிறோம். மக்கள் நாவில் வழங்கும் சொல்லும் அத்தகைய சான்றுதான். கல்வெட்டிலே புகழ்ச்சி இருக்கும், பொய்யும் இருக்கும். சொல்லோ, தான் எந்தச் சந்தையில் பிறந்தது, எந்தக் கப்பலில் ஏறியது, யார் கைக்கு மாறியது என்பதையெல்லாம் தன்னை அறியாமலே காட்டிக்கொடுத்துவிடும். மொழியைத் தேவர்கள் அருளினார்கள் என்று கதைப்போர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஆங்கில அகரமுதலியைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். அங்கே குடியேறியிருக்கும் ஊர்ப்பெயர்கள், சொல் பிறப்பது வானுலகில் அன்று, வாணிகத்தில் என்பதை எடுத்துரைக்கும்.

நூல் வெளியிடுவோர் 'காலிகோ பைண்டிங்' என்று விளம்பரம் செய்வதை நாம் அறிவோம். காலிகோ என்பது என்ன? கோழிக்கோடு என்னும் ஊர்ப்பெயர், மேனாட்டார் வாயில் 'காலிகட்' ஆகி, துணியின் பெயராகத் திரிந்த கதை அது. இங்கிலாந்திலே காலிகோ என்றால் சாயமேற்றாத வெறும் பருத்தித் துணி. அமெரிக்காவிலே அதே சொல்லுக்குப் பூ அச்சிட்ட வண்ணத் துணி என்று பொருள். அந்த வண்ணக் கலவையை நினைவூட்டியதால், மூன்று நிறம் கொண்ட பூனைக்கும் அங்கே 'காலிகோ' என்று பெயர். ஊர் ஒன்று, பொருள் மூன்று! அவ்வாறே மோசுல் நகரம் மசுலின் ஆயிற்று. பிரான்சின் நீம் நகரம் டெனிம் ஆயிற்று. இத்தாலியின் ஜெனோவா ஜீன்ஸ் ஆயிற்று. பம்பாயின் டோங்ரி, உழைப்பாளர் உடுத்தும் 'டங்கரி' ஆயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. காலிகோத் துணியெல்லாம் கோழிக்கோட்டிலா நெய்யப்பட்டது? இல்லை. குசராத்தில் நெய்ததும் சோழமண்டலக் கரையில் நெய்ததும் அதே பெயரைச் சுமந்தே மேனாடு சென்றன. 1700-லும் 1721-லும் இங்கிலாந்து தன் நெசவாளரைக் காக்கச் சட்டம் இயற்றி இந்நாட்டு வண்ணத் துணியைத் தடுத்தது. அந்தச் சட்டங்களுக்கும் காலிகோச் சட்டங்கள் என்றே பெயர் வழங்கிற்று. கோழிக்கோடு ஒரு துறைமுகம். ஐரோப்பியன் முதலில் கால் வைத்த துறை எதுவோ, அதன் பெயரைச் சரக்கின் மேல் எழுதிவிட்டான். நெய்த ஊரை அவன் கேட்கவில்லை; நெய்தவனை அவன் அறியவில்லை. துறைக்குப் பெயர் கிடைத்தது; தறிக்குப் பெயர் கிடைக்கவில்லை.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. சோழமண்டலம் என்னும் நம் நிலப்பெயரே ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆயிற்று. ஆங்கிலத்தில் கோரமண்டல் திரை என்றால் அரக்குப் பூசிச் சித்திரம் செதுக்கிய மரத்திரை. அதைச் செய்தவர்கள் சீனத்துக் கலைஞர்கள்! அது இக்கரை வழியே ஐரோப்பா சென்றது; வழியின் பெயரே பொருளின் பெயராயிற்று. நியூசிலாந்திலே கோரமண்டல் என்றொரு தீபகற்பம் உண்டு. அங்கே எந்தச் சோழனும் செல்லவில்லை. 1820-இல் அங்கே வந்த ஆங்கிலக் கப்பலின் பெயர் கோரமண்டல், அவ்வளவுதான். இதனை அறியாதவன் சோழர் நியூசிலாந்தை வென்றார் என்று கதை கட்டுவான். பெருமையை நாம் விரும்பலாம். ஆனால் சான்றில்லாப் பெருமையைப் பகுத்தறிவாளர் விரும்பலாகாது.

இன்னொரு சொல் 'கினி'. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கினி என்று பெயர். அங்கிருந்து வந்த பொன்னால் 1663-இல் இங்கிலாந்து அடித்த நாணயமும் கினி. ஆப்பிரிக்கக் கோழி கினிக்கோழி. ஆனால் கினித் துணி எங்கே பிறந்தது? சோழமண்டலக் கரையிலே! நம் நெசவாளர் நெய்து, அவுரியில் தோய்த்த நீலத் துணியை வணிகர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். வாங்கிய மனிதர்களை அமெரிக்கத் தோட்டங்களில் விற்றார்கள். நெய்த இடத்தின் பெயரை நீக்கி, விற்ற இடத்தின் பெயரைத் துணிக்கு இட்டார்கள். இந்நாட்டு நெசவாளனின் உழைப்பையும் ஆப்பிரிக்க அடிமையின் கண்ணீரையும் ஒரே கணக்கேட்டில் எழுதிய வாணிகம் அது!

இனி நம் வடசென்னைக்கு வருவோம். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. டச்சுக்காரர் 1613-இல் அங்கே கோட்டை கட்டினர். அக்கரையிலிருந்து கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைகள் கப்பலேறின. பழவேற்காடு 'புலிகாட்' ஆயிற்று. புலிகாட் கைக்குட்டையின் பெயராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இசுக்காட்லாந்தின் கிளாசுகோ நகரத்து நெசவாளரே அத்தகைய குட்டைகளை நெய்யத் தொடங்கினர். அவற்றின் பெயரும் புலிகாட்தான்! நம் துணி போயிற்று, தொழில் போயிற்று, பெயர் மட்டும் அங்கே நின்றது.

திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டைக்குச் செல்வோம். காலடி என்றதும், எந்தத் தேவனின் காலடி பதிந்த இடமோ என்று பக்தர் வியக்கக்கூடும். வியப்புக்கு வேலையில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையை ஆண்ட கும்பினி ஆளுநர் சோசப் காலெட் என்பவர், நெசவாளரைக் குடியமர்த்த உண்டாக்கிய பேட்டை அது. 'காலெட் பேட்டை' மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்குள்ள கோயிலுக்கும் ஒரு கதை உண்டு. கும்பினி ஊழியர் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே காஞ்சிக் கோயிலில் நடப்பதைக் கண்டு சொன்னாராம். துரை மெய்சிலிர்த்துக் கோயில் கட்டினாராம்! துணி வேண்டியவனுக்கு நெசவாளன் வேண்டும். நெசவாளன் வந்து தங்க, வீடும் கடையும் கோயிலும் வேண்டும். இந்த எளிய கணக்குக்கு ஞானக்கண் எதற்கு?

1734-இல் சின்னத் தறிப்பேட்டை எழுந்தது. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை அதுவே. தறி என்னும் சொல்லே ஊர்ப்பெயரில் நின்றதற்கு அஃதோர் அரிய எடுத்துக்காட்டு. வண்ணாரப்பேட்டையில் கும்பினித் துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்தார்கள். இப்படிப் பல பேட்டைகளிலும், ஆந்திரக் கரையிலும், உள்நாட்டுச் சிற்றூர்களிலும் நெய்து, சாயமிட்டு, வெளுத்த துணி, சென்னைக் கடற்கரையில் படகேறியதும் ஒரே பெயர் பெற்றது: 'மெட்ராஸ்'.

அப்பெயர் உலகிலே எத்தனை உருவம் எடுத்தது! கரீபியன் தீவுகளாகிய மார்த்தினீக்கிலும் குவாதலூப்பிலும் மெட்ராஸ் என்றால் பெண்டிர் தலையில் கட்டும் கட்டத் துணி. அத்தீவுகளின் மரபுடையே அதுதான். வட அமெரிக்காவின் லூசியானாவில் 1786-இல் ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூடவேண்டும். அவர்களின் தாழ்நிலையை அது காட்டவேண்டும் என்பது ஆணையின் கருத்து. அப்பெண்களோ மெட்ராஸ் துணியை அழகுறக் கட்டி, இழிவின் அடையாளத்தை எழிலின் அடையாளமாக்கிவிட்டார்கள். நைசீரியாவின் களபாரி மக்களிடையே, பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் அதே துணி இடம்பெறுகிறது. இசுக்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூசில் மெட்ராஸ் என்றால் ஒரு பள்ளி. சென்னை அநாதைச் சிறுவர் விடுதியில், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்த ஆண்ட்ரூ பெல் என்பவர் விட்டுச்சென்ற பொருளால், 1832-இல் நிறுவப்பட்டது அது. மணலில் விரலால் எழுதிப் பழகும் முறையை அவர் கண்டது நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியிலே. அங்கும் ஊரின் பெயர் நின்றது. அந்தத் திண்ணை ஆசிரியரின் பெயர் நிற்கவில்லை. இன்றைய பிரிட்டனின் உணவு விடுதியிலோ மெட்ராஸ் என்றால் காரம் மிகுந்த ஒரு குழம்பு. அது அந்நாட்டு விடுதிகளில் உருவான சமையல். இராயபுரத்துத் தாய்மார் அறியாத சமையல்!

துணிக்கும் குழம்பிற்கும் பெயர் மாறினால் என்ன கேடு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். துறையின் பெயர் துணியோடு நின்றதா? மனிதர்மேலும் குத்தப்பட்டது! 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'துரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரைச் சுமந்து, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்த மக்களுக்கு எண் கொடுத்தார்கள். கயானாவுக்குச் சென்றவர்களோ, எந்தச் சிற்றூரில் பிறந்தவராயினும், சென்னைத் துறையில் கப்பலேறிய காரணத்தால் 'மதராசி' எனப்பட்டார்கள். ரீயூனியன் தீவில் தமிழர் வழிவந்தோர்க்கு இன்றும் 'மல்பார்' என்றே பெயர். மலபார் எங்கே, தமிழகத்துச் சிற்றூர்கள் எங்கே? ஒரு காலத்தில் ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்றார்கள். அந்தப் பிழை அம்மக்களின் பெயராக உறைந்துவிட்டது. சரக்கு மூட்டைமேல் எழுதிய துறைப்பெயரை மனிதன் முதுகிலும் எழுதினார்கள் என்பதுதானே இதன் பொருள்!

வடநாட்டில் தென்னாட்டார் அனைவரையும் மதராசி என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கமும் இதன் கிளையே. தமிழன், தெலுங்கன், மலையாளி, கன்னடன் என்னும் வேறுபாடு அச்சொல்லுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அது விரும்புவதும் இல்லை. ஆகவேதான் பெயர் என்பது வெறும் பெயரன்று என்கிறோம். தமிழ்நாடு என்னும் பெயருக்காகத் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். 1967 சூலை 18 அன்று அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் அப்பெயரை ஏற்றது. 1969 சனவரி 14 அன்று அது நடைமுறைக்கு வந்தது. தலைநகரமும் 1996-இல் ஆங்கிலத்திலும் சென்னை ஆயிற்று. துறையின் பெயரால் பிறர் அழைத்த மக்கள், தம் பெயரைத் தாமே சொல்லிக்கொண்ட நாள்கள் இவை.

ஊர்ப்பெயர் நம் கரையிலிருந்து போனது மட்டுமா? வந்ததும் உண்டு. திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டளவில் எழுந்த மோட்டார் சைக்கிள் ஆலையின் பெயர் என்பீல்டு. அது இலண்டனின் வடபகுதி ஊர். அங்கே அரசின் துப்பாக்கி ஆலை இருந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பேர்பெற்ற துப்பாக்கியும் என்பீல்டே. அந்த ஆலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்த ரெட்டிச்சு நகரத்து நிறுவனம், அத்தொடர்பைக் கொண்டு 1893-இல் தன் மிதிவண்டிக்கு இராயல் என்பீல்டு என்று பெயரிட்டது. 1901-இல் மோட்டார் சைக்கிளும் அப்பெயரில் வந்தது. வேடிக்கை என்னவெனில், அந்த வண்டி என்பீல்டில் செய்யப்பட்டதே இல்லை! பிரிட்டனில் அதன் உற்பத்தி 1970-இல் நின்றுபோயிற்று. திருவொற்றியூர்த் தொழிலாளரின் கைகள் நிற்கவில்லை. 1977-இல் அவர்கள் செய்த வண்டி பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயிற்று. வண்டிமேல் ஒளிர்ந்தது ஓர் ஆங்கில ஊரின் பெயர். வண்டியிலே ஓடியது வடசென்னையின் வியர்வை.

இதற்காக நாம் ஆங்கிலச் சொற்களைப் பகைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சொற்கள் ஊர்விட்டு ஊர் போகட்டும், பொருள் மாறட்டும், அது மொழியின் இயல்பு. ஆனால் ஊர்ப்பெயர் சுமந்த சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுவோம்: செய்தவன் யார்? சுமந்தவன் யார்? விற்றவன் யார்? அகரமுதலி பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. முதல் இரண்டுக்கும் விடை தேடுவது வரலாற்று மாணவனின் கடமை. இன்று புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1999-இல் இயற்றி 2003-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்கீழ்க் காஞ்சிபுரம் பட்டும் பதிவாகியிருக்கிறது. ஊர்ப்பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டது. நெய்யும் கைக்குக் கூலி உயர்ந்ததா என்று கேட்பது நம் வேலை.

வடசென்னை மண் இதற்கு ஒரு விடையும் தந்திருக்கிறது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரண்டு பெயர்களைத் தாங்கிய துணி ஆலைகள் இருந்தன. ஒன்று இங்கிலாந்தின் ஊர்ப்பெயர். மற்றொன்று இந்நாட்டுக்கு வெள்ளையர் இட்ட நிலப்பெயர். அந்த ஆலைகளில் உழைத்தோர் 1918 ஏப்ரல் 27 அன்று ஒன்றுகூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். வாடியாவும், திரு.வி.க.வும், செல்வபதியாரும், இராமானுசலுவும் துணைநின்றார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் துணியின் பெயராகவும், மூட்டையின் பெயராகவும், ஏலமிட்ட சரக்கின் பெயராகவும் கிடந்த 'மெட்ராஸ்' என்னும் சொல், அன்று முதன்முறையாக உழைப்பவரின் சங்கப் பெயராயிற்று. துறை பெற்ற பெயரைத் தறி மீட்டுக்கொண்ட நாள் அது. பெயரைத் தேவர் தருவதில்லை. துரைமார் தருவதும் நிலைப்பதில்லை. ஒன்றுபட்ட மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் பெயரே நிலைக்கும்.