இருபத்து மூணு வயசுல வாங்கின கடன்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

2003 ஜூலை 26, சனிக்கிழமை சாயங்காலம். மணிக்கு இருபது ரூபாய் வாங்குற ஒரு பிரவுசிங் சென்டர். படம் ஓடுற அளவுக்கு அங்கே இணைப்பு வேகம் கிடையாது. அதனால எழுத்தில் வரும் நேரடி வர்ணனையைத் திறந்து வச்சுக்கிட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டு இருந்தேன். பிரான்சில் போர்னிக் என்ற கடற்கரை ஊரிலிருந்து நாந்த் நகரம் வரை 49 கிலோமீட்டர். ஆளாளுக்குத் தனித்தனியா, கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் ட்ரயல். அங்கே நல்ல மழை. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை விட ஒரு நிமிஷமும் சில வினாடிகளும் பின்தங்கி என் ஆள் கிளம்பியிருக்கிறார். மூணு வாரம் நடந்த போட்டி, இந்த ஒரு மணி நேரத்தில் முடிவாகப் போகுது.

ரெஃப்ரெஷ் பண்ணினேன். ரவுண்டானாவில் வழுக்கி விழுந்துட்டாராம்.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கல்லாவில் இருந்த பையன், "என்ன சார், மேட்ச் தோத்துட்டோமா?" என்றான். "ஆமாம்ப்பா" என்று சொல்லிட்டு இருபது ரூபாயைக் கொடுத்துட்டு வந்தேன்.

அந்த 'என் ஆள்' பேர் யான் உல்ரிச். சைக்கிள் பந்தயத்தில் ஆர்வமில்லாதவங்களுக்கு ஆம்ஸ்ட்ராங் பேர் தெரிஞ்சிருக்கும், இவர் பேர் தெரிஞ்சிருக்காது. கதை கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்றேன்.

1973 டிசம்பர் 2, கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்டாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அந்த நாட்டில் விளையாட்டு என்பது அரசாங்க வேலை மாதிரி. சின்ன வயசிலேயே திறமையைக் கண்டுபிடிச்சுப் பிள்ளைகளை விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்பிடுவாங்க. உல்ரிச்சும் அப்படித்தான் பெர்லினுக்குப் போனார். பயிற்சியாளர் பீட்டர் பெக்கர், ரொம்பக் கண்டிப்பான மனுஷன். பெர்லின் சுவர் இடிஞ்சப்போ உல்ரிச்சுக்குப் பதினைஞ்சு வயசு. நாடே காணாமப் போச்சு, பள்ளி போச்சு. பயிற்சியாளர் மட்டும் கூடவே இருந்தார்.

1993இல் ஆஸ்லோவில் உலக சாம்பியன்ஷிப். அமெச்சூர் பிரிவில் ஜெயிச்சது 19 வயது உல்ரிச். அதே ஆஸ்லோவில் தொழில்முறைப் பிரிவில் ஜெயிச்சது 21 வயது அமெரிக்கப் பையன் ஒருத்தன். பேர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்!

1996இல் டெலிகாம் அணிக்காக முதல் முறையா டூர் டி பிரான்ஸ் போனார். வேலை என்னவோ தலைவர் பியார்னே ரீஸுக்கு உதவி பண்றதுதான். உதவி பண்ணிக்கிட்டே இரண்டாவதா வந்துட்டார். கடைசி டைம் ட்ரயலில் தலைவரையும் சேர்த்து எல்லாரையும் முந்தினார். டென்மார்க்காரர் ரீஸுக்கும் இவருக்கும் மொத்த வித்தியாசம் 1 நிமிடம் 41 வினாடி. எசமானை விட வேலைக்காரன் பலசாலி என்று அப்பவே எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

அடுத்த வருஷம் அது நிரூபணமே ஆயிடுச்சு. 1997, பத்தாவது நாள், அண்டோராவின் ஆர்கலிஸ் மலை. அன்னைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல ஓட்டம். கடைசி ஏற்றத்தில் உல்ரிச் பின்னால் அணியின் காருக்கு வந்து, 'நான் போகட்டுமா?' என்று அனுமதி கேட்டார். கிடைச்சது. திரும்ப முன்னால் போய், சீட்டை விட்டு எழுந்திரிக்காமல், கனமான கியரைப் போட்டு, ஒரே சீரா மிதிச்சுக்கிட்டே போனார். பந்தானியும் விரோங்கும் அந்தக் காலத்தின் மலை மன்னர்கள். அவங்களே ஒரு நிமிஷத்துக்கு மேல பின்னால. இந்த வீடியோவைப் பிற்பாடு எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. இவர் முகத்தில் ஒரு கஷ்டமும் தெரியாது. கஷ்டமெல்லாம் பின்னால வர்றவங்க முகத்தில்தான்.

பாரிஸில் வித்தியாசம் 9 நிமிடம் 9 வினாடி. டூரை ஜெயித்த முதல் ஜெர்மானியர். வயசு 23.

கடன் இங்கேதான் ஆரம்பிக்குது. அதுவரை டூரை அதிகபட்சமா அஞ்சு முறை ஜெயிச்சவங்க நாலே பேர்: ஆங்கெட்டி, மெர்க்ஸ், இனோ, இந்துரைன். இந்தப் பையன் அதையும் தாண்டுவான் என்றாங்க பத்திரிகைக்காரங்க, முன்னாள் வீரர்கள், டீக்கடை நிபுணர்கள் (ஜெர்மனியில் பீர்க்கடை!) எல்லாரும். இணைஞ்சு ஏழே வருஷமான நாடு அது. கிழக்கில் பிறந்து மேற்கின் பெரிய கம்பெனியின் சட்டையைப் போட்டு ஜெயிச்ச பிள்ளையை இரண்டு பக்கமும் தலையில் தூக்கி வச்சுக் கொண்டாடிச்சு. 'இவ்வளவு ஜெயிப்பேன்' என்று அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கலை. மத்தவங்களே எழுதி, மத்தவங்களே கையெழுத்துப் போட்டு, கடைசியில் இவர்கிட்ட வசூல் பண்ண வந்தாங்க.

குளிர்காலம் வந்தாலே உல்ரிச்சுக்கு உடம்பு போட்டுடும். நல்லாச் சாப்பிடுவார். வசந்தத்தில் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து, ஜூலைக்குள்ள இளைக்கப் படாத பாடு படுவார். ஒவ்வொரு வருஷமும் ஜெர்மன் பத்திரிகைகளில் அவர் எடை ஒரு செய்தி. அடுத்தவன் தட்டை எட்டிப் பார்க்கிறதில் எல்லா ஊரும் ஒண்ணுதான் போல.

1998 ஜூலை 27. ஆல்ப்ஸில் குளிர், மழை. மஞ்சள் சட்டை உல்ரிச் மேல. கலிபியர் கணவாய் ஏற்றத்தில் மார்கோ பந்தானி தனியாகப் பறந்தார். உல்ரிச் குளிரில் விறைச்சுப் போனார், டயர் வேற பஞ்சர். லெ தூ ஆல்ப் உச்சியில் கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம் நஷ்டம். முகம் வீங்கி, கண்ணு சொருகி அவர் மேல வர்ற காட்சியைப் பார்த்தால் ஆர்கலிஸ்காரர்தானா இவர் என்று சந்தேகமே வரும். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது அதற்கு மறுநாள். மத்தவனா இருந்தா படுத்திருப்பான். இவர் மதலேன் மலையில் தாக்கினார். பந்தானி மட்டும்தான் கூட வர முடிஞ்சது. ஆல்பேர்வில் ஊரில் உல்ரிச்சே ஜெயிச்சார். மொத்தத்தில் 3 நிமிடம் 21 வினாடி வித்தியாசத்தில் இரண்டாம் இடம்.

1999இல் முழங்கால் காயம், டூர் போகலை. அதே வருஷம் ஸ்பெயினின் வுவெல்ட்டா பட்டம், கூடவே டைம் ட்ரயல் உலக சாம்பியன் பட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ரோடு ரேஸில் தங்கம், டைம் ட்ரயலில் வெள்ளி. 2001இல் மறுபடியும் டைம் ட்ரயல் உலக சாம்பியன். இதில் ஏதாவது ஒண்ணு கிடைச்சாலே ஒரு வீரன் ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டு இருக்கலாம். உல்ரிச் விஷயத்தில் இதெல்லாம் வட்டிக் கணக்கில் கூடச் சேரலை. அசல் எங்கே, இரண்டாவது டூர் எங்கே என்றுதான் கேட்டாங்க.

அந்த இரண்டாவது டூருக்குக் குறுக்கே ஆம்ஸ்ட்ராங் வந்து நின்னார். 2000இல் 6 நிமிடம் 2 வினாடி, 2001இல் 6 நிமிடம் 44 வினாடி. இரண்டு முறையும் உல்ரிச் இரண்டாம் இடம். 2001இல் அல்ப் துவேஸ் ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஆம்ஸ்ட்ராங் திரும்பி உல்ரிச் முகத்தை ஒரு பார்வை பார்த்துட்டுப் பறந்தாரே, அது சைக்கிள் உலகில் ரொம்பப் பிரபலம்.

2002 படு மோசம். மறுபடி முழங்கால். குடிச்சுட்டுக் கார் ஓட்டி மாட்டினார். அப்புறம் பரிசோதனையில் ஆம்ஃபெட்டமின். டிஸ்கோவில் மாத்திரை சாப்பிட்டேன் என்றார். ஆறு மாசத் தடை, டெலிகாம் கைகழுவியது. 2003இல் சேர்ந்த கோஸ்ட் அணியும் பணமில்லாமல் மூழ்கிட்டது. பியாங்கி கம்பெனி அணியை எடுத்துக்கிட்டதால்தான் டூருக்கே வர முடிஞ்சது.

யாரும் எதிர்பார்க்காத அந்த வருஷம்தான் ஆள் நிஜமாகவே ஜெயிக்கப் பார்த்தார். வெயில் கொளுத்தின ஒரு நாள் டைம் ட்ரயலில் ஆம்ஸ்ட்ராங்கை 1 நிமிடம் 36 வினாடியில் தோற்கடிச்சார். லூஸ் ஆர்திதென் மலையில் ரசிகர் ஒருத்தரின் பையில் ஹேண்டில்பார் மாட்டி ஆம்ஸ்ட்ராங் விழுந்தப்போ, உல்ரிச் வேகத்தைக் குறைச்சுக் காத்திருந்தார். இரண்டு வருஷம் முன்னாடி இவர் விழுந்தப்போ அவர் காத்திருந்தார், அந்த மரியாதை. எழுந்து வந்த ஆம்ஸ்ட்ராங் அன்னைக்கே ஜெயிச்சார். பாரிஸில் கடைசிக் கணக்கு: 61 வினாடி.

நான் ஏன் இவர் கட்சி என்று சொல்லணும் இல்லையா? பத்தாம் வகுப்பில் நான் ஒரு தடவை நல்ல மார்க் வாங்கித் தொலைச்சேன். பேப்பரில் சின்னதா போட்டோ வந்தது. அதுக்கப்புறம் பண்ணின எல்லாமே எங்க வீட்டில் 'அந்தப் பையனா இப்படி?' என்றுதான் அளக்கப்பட்டது. சுமாரான வேலை, சுமாரான சம்பளம், நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனா பெரியப்பா அந்த கட்டிங்கை மடிச்சுப் பர்ஸில் வச்சிருந்தார். உல்ரிச்சுக்கு ஒரு நாடே பர்ஸில் வச்சிருந்தது.

இனி கசப்பான பகுதி. ரசிகன் என்பதற்காக மறைக்க முடியாது. 2006இல் டூர் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஸ்பெயினில் ஃபுவென்டஸ் என்ற டாக்டரைச் சுற்றி வெடிச்ச ஊக்கமருந்து விவகாரத்தில் உல்ரிச் பேர் வந்து அணி அவரை நிறுத்தியது. மறுபடி ஓட்டவே இல்லை. 2007 பிப்ரவரியில் ஓய்வு. டாக்டர்கிட்ட இருந்த ரத்தப் பைகள் இவருடையதுதான் என்று அந்த ஏப்ரலில் டிஎன்ஏ சொல்லிடுச்சு. 2013இல் பாதி ஒப்புக்கொண்டார், 2023இல் முழுசாக.

ஆர்கலிஸ் ஏற்றத்தை இப்போ பார்த்தால் நெஞ்சில் ஒரு முள். அதில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு மருந்து? பிரிச்சுப் பார்க்க வழியில்லை. ரீஸும் 2007இல் ஒப்புக்கொண்டுட்டார். பந்தானி 2004இல் ரிமினியில் ஒரு ஹோட்டல் அறையில் தனியாகச் செத்துப் போனார்.

ஒரு வேடிக்கை பாருங்க. 2012இல் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களையும் பறிச்சாங்க. அதே வருஷம் உல்ரிச்சுக்கும் தண்டனை வந்தது, ஆனா 2005 மே முதல் உள்ள முடிவுகள்தான் ரத்து. ஆக 2000, 2001, 2003 ஆண்டுகளின் ஏட்டைத் திறந்தால் முதலிடம் காலி. யாருக்கும் கொடுக்கலை. கீழே இரண்டாமிடத்தில் உல்ரிச். மேல ஆளே இல்லை, ஆனாலும் மனுஷன் இரண்டாவதுதான்!

2018இல் குடியும் போதையுமா மயோர்க்கா தீவிலும் பிறகு ஜெர்மனியிலும் கைதாகி, சிகிச்சைக்குப் போகும் நிலைக்கு வந்தார். விமானம் ஏறி வந்து பார்த்தவர் யார் தெரியுமா? ஆம்ஸ்ட்ராங். அந்த 61 வினாடியின் எடை உலகத்தில் அவங்க இரண்டு பேருக்கும்தானே தெரியும்.

ஊக்கமருந்து எடுத்தது தப்பு. அதுக்கு 'எல்லாரும் எடுத்தாங்க' என்பது பதில் இல்லை. ஆனா உல்ரிச்சை 'வீணாப்போன திறமை' என்று யாராவது சொன்னால் மட்டும் நான் சண்டைக்குப் போவேன். ஒரு டூர், ஒரு வுவெல்ட்டா, ஒரு ஒலிம்பிக் தங்கம், இரண்டு உலகப் பட்டம். இதுக்குப் பேர் வீணா? நம்ம கணக்குதான் தப்பு. கணக்கைத் திருத்தாம ஆளைத் திருத்தப் பார்த்தோம்.

பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பர்ஸ் என் கைக்கு வந்தது. கட்டிங் மடிப்பில் கிழிஞ்சு, முகமே தெரியலை. தூக்கிப் போட மனசு வரலை. திரும்ப அதே பர்ஸில் வச்சுட்டேன்.

உங்க வீட்டுப் பர்ஸில் யார் கட்டிங் இருக்கு? பின்னூட்டத்தில் சொல்லுங்க.