கடைசிப் படமும் டூரிங் கொட்டகையும்

புகழின் உச்சியில் நின்ற நடிகர் ஒருவர் ஏமாற்றம் தந்த ஒரு படத்தோடு திரையை விட்டு விலகுவது மேலைநாட்டுத் திரைப்பட வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் நிகழ்வாகும். 1941இல் ‘டூ ஃபேஸ்டு உமன்’ வெளிவந்தபோது கிரேட்டா கார்போவுக்கு வயது 36. அதற்குப் பிறகு 1990இல் மறையும்வரை அவர் எந்தப் படத்திலும் தோன்றவில்லை. ஷான் கானரி 2003இல் வெளிவந்த ‘தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்’ படத்தோடும், ஜீன் ஹேக்மன் 2004இல் வெளிவந்த ‘வெல்கம் டு மூஸ்போர்ட்’ படத்தோடும் திரைவேடங்களை முடித்துக்கொண்டனர். இவர்கள் மூவரும் விலகியது தம் விருப்பத்தால் என்பது இங்கே கருதத்தக்கது. ஏனெனில் தமிழ்த் திரையின் பெருநடிகர்களுக்குக் கடைசிப் படம் எது என்பதைப் பெரும்பாலும் மரணமோ, நீதிமன்றமோ, தேர்தலோதான் முடிவு செய்திருக்கிறது. அப்படி முடிவான படம் தோல்வியாகவே நினைவில் தங்கியதா என்ற கேள்விக்குச் சென்னையின் முதல்தர அரங்குகளிலிருந்து கிடைக்கும் விடை ஒன்று. சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையம் போன்ற ஊர்களிலிருந்து பார்த்தால் கிடைக்கும் விடை வேறு.

நைனார்பாளையம் அமைந்துள்ள கள்ளக்குறிச்சிப் பகுதி 1993வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், அதன்பின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019இல் தனி மாவட்டமாயிற்று. திரை வருவதற்கு முன்பே நடிப்பைத் தொழிலாக அறிந்த நிலப்பரப்பு இது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இரவு முழுதும் ஆடப்படும் பாரதக் கூத்தில், தோளிலும் தலையிலும் மரத்தாலான அணிகளைப் பூட்டிக்கொண்டு அரசர் வேடம் ஆடுபவரைக் ‘கட்டை வேடக்காரர்’ என்பர். முழங்கால் தளர்ந்து அடவு பிடிக்க இயலாத வயதில் அவர் கட்டை வேடத்தை இளையவருக்கு விட்டுவிட்டு, ஆடுபவருக்குத் துணையாகப் பின்னால் நின்று பாடும் பின்பாட்டுக்கோ, குழுவைப் பயிற்றுவித்து நடத்தும் வாத்தியார் பொறுப்புக்கோ மாறுவார். விழாவுக்குப் படுகளம் என்ற முடிவு உண்டு. துரியோதனன் வீழ்ந்ததும் அவ்வாண்டின் பாரதம் நிறைவுறும். ஆடியவருக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது, அடுத்த ஆண்டும் அவர் ஏதோ ஓர் இடத்தில் அதே குழுவில் இருப்பார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகிய பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்களை மட்டுமே கொண்டு நடத்தப்பட்ட நாடகக் குழுக்களில், நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் குரல் உடையும் ‘மகரக்கட்டு’ வந்துவிட்டால், அதுவரை நாயகி வேடத்தில் கொட்டகையைக் கட்டிப்போட்ட சிறுவன் ஒரே பருவத்தில் வேலையற்றவனாகவோ துணை வேடக்காரனாகவோ ஆனான். தமிழ்த் திரையின் முதல் நட்சத்திரங்கள் பலர் இந்தக் கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள் என்பதால், ஓய்வு என்பது உடலோ முதலாளியோ திணிப்பது என்ற அறிவை அவர்கள் இளமையிலேயே பெற்றிருந்தனர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு. சின்னப்பா, பக்கத்துச் சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் ஏற்றுப் பெரும்புகழ் அடைந்து, 1951 செப்டம்பரில் முப்பத்தைந்து வயதில் திடீரென மறைந்தார். அவருடைய ‘சுதர்ஸன்’ அவர் இறந்த பிறகே திரைக்கு வந்தது.

எனினும் இப்பொருளில் மிகக் கூர்ந்து நோக்கத்தக்கவர் பாடி நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரே. 1934இல் ‘பவளக்கொடி’யில் தொடங்கி அவர் நடித்த படங்கள் மொத்தம் 14. அவற்றுள் 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படம் ஓடத் தொடங்கிய சில வாரங்களில், ‘இந்துநேசன்’ என்னும் மஞ்சள் பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் நவம்பரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அக்கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடியும் விசாரிக்க அனுப்பியதன் பயனாக, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். நாயகன் சிறையில் இருக்க, அவன் பாடிய படம் பிராட்வேயில் ஓடிக்கொண்டே இருந்தது என்பது எந்தக் கதாசிரியரும் துணியாத கற்பனை போலத் தோன்றினாலும், நடந்தது அதுதான்.

விடுதலைக்குப் பின் பாகவதர் புனாவில் எடுத்த ‘ராஜ முக்தி’ 1948இல் வெளிவந்து தோற்றது. அதற்கு உரையாடல் எழுதப் புனா சென்ற எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி அவ்வாண்டே இறந்தார் என்பதால், தமிழிலக்கிய வரலாற்றிலும் அப்படத்துக்கு ஒரு துயர இடம் உண்டு. ‘அமரகவி’, ‘சியாமளா’ இரண்டும் 1952இல் வந்தன. பாகவதரே இயக்கிய ‘புது வாழ்வு’ 1957இல் வந்தது. எதுவும் பழைய நிலையை மீட்டுத் தரவில்லை. சிறைவாசம் அவருடைய ஒளியைக் கெடுத்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் பாதியளவே பொருந்தும். ஏனெனில் அவரோடு சிறை சென்ற கிருஷ்ணன் வெளியே வந்து மீண்டும் வெற்றி பெற்றார். பாகவதரின் கலை பாட்டை நம்பியது. அவர் இல்லாத இடைவெளியில் பின்னணிப் பாடல் முறை வேரூன்றி, நடிகனே பாட வேண்டும் என்ற தேவை அற்றுப் போயிற்று. ‘வேலைக்காரி’ (1949), மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ (1950), ‘பராசக்தி’ (1952) ஆகியவை அடுக்குமொழி வசனத்தைக் கேட்கக் கூட்டத்தைப் பழக்கிவிட்டன. ‘அமரகவி’ வந்த அதே ஆண்டில் ‘பராசக்தி’ வந்தது என்ற ஒன்றே நிலைமையைக் காட்டப் போதும். 1959 நவம்பர் 1 அன்று 49 வயதில் பாகவதர் மறைந்தபோது கைவசம் இருந்த ‘சிவகாமி’ அடுத்த ஆண்டு வெளியாகி, யாரும் அதிகம் பேசாமலே போய்விட்டது.

இத்தோல்விகள் தென்னார்க்காட்டின் உட்பகுதிகளை வந்தடைந்த விதம் வேறு. திரைப்பட வணிகர்கள் தமிழகத்தை ‘ஏரியா’ என்னும் விநியோகப் பகுதிகளாகப் பிரித்திருந்தனர். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு மூன்றும் சேர்ந்தது ‘என்.எஸ்.சி. ஏரியா’. சின்னசேலம் வட்டம் சேலம் மாவட்டத்தை ஒட்டியே இருந்தும், வணிகக் கணக்கில் சேலம் ஏரியாவைச் சேராமல் இதில் அடங்கியது. நகர அரங்குகளில் ஓடித் தேய்ந்த பிரதிகள், பெட்டி என்று சொல்லப்படும் தகரப் பெட்டிகளில், ஊர் ஊராக இறங்கிக் கடைசியாகவே டூரிங் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தன. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று, கீற்றோ கூடாரத் துணியோ வேய்ந்து நடத்தப்பட்ட இக்கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜக்டர்தான் இருக்கும் என்பதால், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடப்பட்டது. தரை டிக்கெட்காரர்கள் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டனர். புதுப்படத்துக்கு வாடகை அதிகம், பழைய படத்துக்குக் குறைவு. ஆகவே கொட்டகைக்காரர் வசூல் தரும் பழைய படங்களையே திரும்பத் திரும்ப வரவழைத்தார். ஓடாத படத்தின் பெட்டி இவ்வளவு தூரம் வருவதே அரிது. வெளியான வரிசை இங்கே கலைந்து போனதால், ஒரு நடிகரின் வீழ்ச்சியைக் கால ஒழுங்கில் காணும் வாய்ப்பு சிற்றூர்ப் பார்வையாளருக்குக் கிட்டவில்லை. கடைசிப் படத்தின் தோல்வி, அந்த அளவில், முதல் வெளியீட்டு அரங்குகளும் பத்திரிகை விமர்சனமும் உள்ள நகரத்துக்குரிய செய்தியாகவே இருந்தது.

எம்.ஜி.ஆர். விலகியது தேர்தலால். 1977 ஜூன் 30 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற அவருடைய ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’, அகிலனின் ‘கயல்விழி’ நாவலைத் தழுவி, அவருடைய இயக்கத்திலேயே, 1978 பொங்கலன்று வெளிவந்தது. அவரே இயக்கிய ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973இல் பெற்ற வரவேற்பின் அருகில்கூட அது செல்லவில்லை. ஆயினும் அவருடைய பழைய படங்களின் பெட்டிகள் கொட்டகைகளில் சுற்றிக்கொண்டே இருந்தமையால், நடிப்பதை நிறுத்திய முதலமைச்சர் வாரந்தோறும் வாள் வீசிக்கொண்டிருந்தார். வேறெந்த ஆட்சியாளருக்கும் எளிதில் வாய்க்காத விளம்பரம் இது. அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்தும், இயக்குநர் ஸ்ரீதர் முடிக்காமல் விட்ட ‘அண்ணா நீ என் தெய்வம்’ படத்தின் காட்சிகளைச் சேர்த்து பாக்யராஜ் 1990இல் ‘அவசர போலீஸ் 100’ எடுத்தபோது, அந்தக் கடைசிப் படமும் கடைசியானதாக இல்லாமல் போயிற்று.

சிவாஜி கணேசனின் நிலை இன்னும் விந்தையானது. 1999 ஏப்ரலில் ‘படையப்பா’வும், அதே ஆண்டு செப்டம்பரில் ‘பூப்பறிக்க வருகிறோம்’ படமும் வெளிவந்தன. பின்னதே அவருடைய கடைசிப் படம். ஆனால் ரசிகர்களில் பெரும்பாலோர் ‘படையப்பா’வோடு கணக்கை முடித்துவிடுகின்றனர், பிந்தியதன் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பதுண்டு. மறதியின் இந்தக் கருணை எல்லா நடிகருக்கும் கிடைத்ததில்லை. தாமே முடிவெடுத்து அமைதியாக விலகியவர்களும் மிகச் சிலர். ‘ஹரிதாஸ்’ நாயகி டி.ஆர். ராஜகுமாரி 1963இல் வெளிவந்த ‘வானம்பாடி’யோடு நடிப்பை நிறுத்திக்கொண்டு, 1999இல் மறையும்வரை திரைக்குத் திரும்பவில்லை.

இன்று கீற்றுக் கொட்டகை மறைந்து, படச்சுருள் இருந்த இடத்தில் டிஜிட்டல் கோப்பு வந்துவிட்டதால், பெட்டி இறங்கி வரும் வரிசையும் இல்லை. கள்ளக்குறிச்சி அரங்கும் சென்னை அரங்கும் ஒரே காலையில் ஒரே படத்தைத் திரையிடுகின்றன. 2024 பிப்ரவரியில் கட்சி தொடங்கிய நடிகர் விஜய், ஒப்புக்கொண்ட படத்தை முடித்துவிட்டுத் திரையை விட்டு விலகுவதாக முன்கூட்டியே அறிவித்தார்; அக்கட்சியின் முதல் மாநில மாநாடு அவ்வாண்டு அக்டோபரில், பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த விக்கிரவாண்டியில் நடைபெற்றது. பாகவதரின் ‘சிவகாமி’யைக் கடைசிப் படம் என்று அறியாமலே இருந்திருக்கக்கூடிய சிற்றூர்களுக்கு, ஒரு நாயகனின் கடைசிப் படம் எது என்பது அது வெளிவருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.